மனிதன் மாறுகிறானா, மாறவே மாட்டானா?

உலகம் மாறும் வேகத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்துவிடும். “முன்பு இருந்த மனிதர்களா இப்போது இருக்கிறார்கள்? எல்லாம் தலைகீழாகிவிட்டது” என்பது ஒன்று. “எது மாறினால் என்ன, மனிதன் மனிதன்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்பது மற்றொன்று. வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் இரண்டையும் சொல்பவர் ஒருவரே. அரை மணி நேர இடைவெளியில் சொல்லியிருப்பார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இரண்டுக்கும் தலையாட்டியிருப்பார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன்.

அவர் உளறவில்லை. இரண்டிலுமே உண்மை உண்டு. மாறுவது, பழகுவது, தகவமைத்துக்கொள்வது என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடும் சொற்களுக்குள் மூன்று தனித்தனி வேலைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று நடந்து முடிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். மற்றொன்று சில நொடிகளிலேயே தொடங்கிவிடும். மூன்றாவது ஆண்டுக் கணக்கிலும் பல பத்தாண்டுக் கணக்கிலும் நகர்கிறது. மூன்றையும் மூன்று கடிகாரங்கள் என்று வைத்துக்கொண்டால், எந்தக் கடிகாரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமலேயே வாதாடிக்கொண்டிருப்பது புரியும்.

## டார்வின் தலையில் கட்டிய வாசகம்

தாடி வைத்த முதியவரின் படம். அதன் கீழே ஒரு வாசகம்: “பிழைத்திருப்பது வலிமை மிக்க உயிரினமும் அல்ல, அறிவு மிக்க உயிரினமும் அல்ல, மாற்றத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் உயிரினமே.” அடியில் சார்லஸ் டார்வின் என்ற பெயர். பயிற்சி வகுப்புகளிலும் அலுவலகச் சுவர்களிலும் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் டார்வின் எழுதியவற்றில் இந்த வாசகம் எங்கும் இல்லை. 1963-இல் லியான் மெகின்சன் என்ற அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர், டார்வின் கொள்கையின் சாரம் என்று தாம் கருதியதைத் தம் சொந்தச் சொற்களில் சொன்னார். கைமாறிக் கைமாறி வந்ததில் பேராசிரியரின் பெயர் உதிர்ந்துபோய், டார்வினின் பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயர் மாறியதைக்கூட மன்னித்துவிடலாம். கருத்தும் அல்லவா மாறிவிட்டது! டார்வின் சொன்ன கொள்கையில் எந்த உயிரினமும் முயன்று தன்னை மாற்றிக்கொண்டு பிழைப்பதில்லை.

ஒரு சாவிக்கொத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கதவின் பூட்டை யாரோ மாற்றிவிட்டார்கள். கொத்தில் உள்ள சாவிகள் புதிய பூட்டுக்கு ஏற்ப வளைந்து கொடுப்பதில்லை. தற்செயலாகப் பொருந்தும் சாவி ஒன்று கொத்தில் இருந்தால் கதவு திறக்கும். அடுத்த முறை நகலெடுக்கப்படுவது அந்தச் சாவிதான். நகலெடுக்கும்போது நேரும் சிறு பிசிறுகளால் புதுப்புது வடிவங்கள் வருகின்றன. அவற்றில் இன்னும் நன்றாகப் பொருந்துவது இன்னும் அதிகமாக நகலாகிறது. கொத்து மாறுகிறது, சாவி மாறுவதில்லை.

இதில் சாவியின் வடிவம்தான் மரபணு, அதாவது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வந்து சேரும், உடலைக் கட்டுவதற்கான குறிப்பு. பொருந்திய குறிப்பு தலைமுறை தலைமுறையாகப் பெருகுவதும் பொருந்தாதது அருகிப்போவதும் இயற்கைத் தேர்வு. ‘தேர்வு’ என்ற சொல் யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதைப் போன்ற எண்ணத்தைத் தருகிறது. அப்படி யாரும் இல்லை.

## மெதுவான கடிகாரம்

இந்தக் கடிகாரம் எவ்வளவு மெதுவானது என்பதற்குப் பாலை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பாலில் உள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். குழந்தைகள் எல்லோரும் அதைச் செரிப்பார்கள். பாலூட்டிகளின் பொது வழக்கப்படி, தாய்ப்பால் மறக்கும் பருவம் தாண்டியதும் அந்தத் திறன் குறைந்துவிடும். மனிதன் கால்நடை வளர்க்கத் தொடங்கியது சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு. அதற்குப் பிறகு, பால் கிடைத்த சில மக்கள் கூட்டங்களில், வளர்ந்த பின்னும் லாக்டோஸைச் செரிக்க உதவும் மரபணு மாற்றம் பரவியது. மனித உடலில் அண்மைக் காலத்தில் நடந்த பரிணாம மாற்றங்களில் இது மிக வேகமான ஒன்று. அப்படியும், இன்று உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்தத் திறன் குறைவுதான்.

ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டுகள் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 10,000 ஆண்டுகள் என்பது 400 தலைமுறை. நம் இனத்தின் மிகப் பழைய எச்சங்கள் மொராக்கோவில் கிடைத்திருக்கின்றன. அவற்றின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள், அதாவது 12,000 தலைமுறை. இந்த வரிசையில் தொடுதிரைக் கைப்பேசி எங்கே நிற்கிறது? 2007-இல் அது பரவத் தொடங்கியதிலிருந்து இன்னும் ஒரு தலைமுறைகூட முழுதாகக் கடக்கவில்லை. ஆகவே, “இந்தக் காலத்துப் பிள்ளைகள் பிறக்கும்போதே கைப்பேசியோடு பிறக்கிறார்கள்” என்பது பேச்சழகுக்குச் சரி. மரபணுவுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

சூழல் வேகமாக மாறி, உடலின் குறிப்பு பழையபடியே நின்றுவிட்டால் என்ன ஆகும்? கடலாமைக் குஞ்சுகளிடம் கேட்கலாம். இரவில் மணலைக் கிளறி வெளியே வரும் குஞ்சு, வெளிச்சமாகத் தெரியும் தொடுவானத்தை நோக்கி நகரும். விளக்கே இல்லாத கரையில் அந்தத் திசையில்தான் கடல் இருக்கும். நிலப்பக்கம் இருண்டு கிடக்கும். பல லட்சம் ஆண்டுகளாகப் பொய்க்காத விதி இது. கரையோரம் மின்விளக்குகள் வந்த பிறகு, அதே விதி அதே குஞ்சைச் சாலையை நோக்கி இழுத்துச் செல்கிறது. குஞ்சிடம் குறை ஒன்றும் இல்லை. விதியும் கெட்டுப்போகவில்லை. விதி உருவான உலகம்தான் போய்விட்டது. இதைப் பரிணாமப் பொருத்தமின்மை என்கிறார்கள்.

மனிதரிடமும் இது உண்டு. கிழக்கு ஆசிய நகரங்கள் சிலவற்றில் பள்ளிப்படிப்பை முடிக்கும் இளைஞர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல் கிட்டப்பார்வை இருக்கிறது. அவர்களுடைய பாட்டன் பாட்டி காலத்தில் இவ்வளவு இல்லை. இரண்டு தலைமுறைக்குள் மரபணு இப்படி மாறியிருக்க வழியே இல்லை. குழந்தைகள் வெயில் வெளிச்சத்தில் வெளியே இருக்கும் நேரம் குறைந்ததும், கண்ணருகே வைத்துப் பார்க்கும் வேலை கூடியதும் முக்கியக் காரணங்கள். வளரும் கண்கோளம் எவ்வளவு நீளலாம் என்பதற்கு வெளிச்சத்தையும் துணைக்கு வைத்துக்கொண்ட ஏற்பாடு, அந்த வெளிச்சம் கிடைக்காதபோது தடுமாறுகிறது.

இந்தக் கருத்து கவர்ச்சியானது. கவர்ச்சியான கருத்துகளுக்கு நேரும் கதி இதற்கும் நேர்ந்திருக்கிறது. சோம்பல், கோபம், திருமண முறிவு, பங்குச் சந்தை என்று எதைக் கேட்டாலும் “நம்முடையது கற்கால மூளை அல்லவா” என்று ஒரே பதில். நான் இதை ஏற்பதில்லை. பரிணாமம் கற்காலத்தோடு கடையடைத்துவிடவில்லை என்பதற்குப் பால் சாட்சி. மேலும், கற்காலம் என்பது ஒரே மாதிரியான ஊரும் வாழ்க்கையும் கொண்ட காலமாக இருக்கவில்லை. பனிநாடு, பாலைவனம், கடற்கரை என்று மனிதன் அப்போதே பரவிவிட்டான். இது எப்படி முடிந்தது என்ற கேள்விக்கான பதில் இரண்டாவது கடிகாரத்தில் இருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மரபணு வழியாக நடக்கும் மாற்றம் தனிமனிதனில் நடப்பதில்லை, தலைமுறைகளின் ஊடாக நடக்கிறது. ஒரு வாழ்நாளுக்குள் நடக்கும் எந்த மாற்றத்துக்கும் அதைக் காரணம் காட்ட முடியாது. “மனிதன் மாறவே மாட்டான்” என்பவர், தமக்கே தெரியாமல், இந்தக் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

## நொடிமுள்

இப்போது வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று. மூன்று கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் குளிர்ந்த நீர், வலப்பக்கம் கை பொறுக்கும் அளவுக்குச் சூடான நீர், நடுவில் வெதுவெதுப்பான நீர். இடக்கையைக் குளிர்ந்த நீரிலும் வலக்கையைச் சூடான நீரிலும் ஓரிரு நிமிடங்கள் வைத்திருங்கள். பிறகு இரண்டையும் ஒன்றாக நடுக்கிண்ணத்தில் விடுங்கள். ஒரே நீர்தான். இடக்கை அதைச் சூடு என்கிறது, வலக்கை குளிர்ச்சி என்கிறது. ஒரே கிண்ணத்துக்குள் இரண்டு கைகளும் சண்டை போடும். ஒரே நீர்தான் என்று தெரிந்தும் அந்தச் சண்டையைத் தீர்க்க முடியாமல் நிற்பது விசித்திரமான அனுபவம். 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

தோலின் நரம்புகள் வெப்பமானியைப் போல அளவைச் சொல்வதில்லை. ‘சற்று முன்பு இருந்ததை விட இப்போது எப்படி’ என்பதைத்தான் அவை உரக்கச் சொல்கின்றன. மாறாமல் இருப்பதைப் பற்றிய அறிக்கை மெல்ல மெல்ல ஓய்ந்துவிடுகிறது. இப்படி ஓய்வதற்குப் பழக்கமாதல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அணிந்திருக்கும் சட்டையை இந்த வாக்கியத்தைப் படிக்கும் வரை நீங்கள் உணராததற்கும், மின்விசிறியின் சத்தம் அது நின்ற பிறகுதான் காதில் விழுவதற்கும் இதுவே காரணம்.

மூளை இதே வேலையை இன்னும் மேலே எடுத்துச் செல்கிறது. எங்கள் வீட்டுச் சமையலறையில் குப்பைக் கூடையை ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நகர்த்தினேன். நகர்த்தியவன் நான்தான், புதிய இடத்தைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான். அடுத்த மூன்று வாரங்களுக்குக் காய்கறித் தோலை வெறும் தரையில் போட்டவனும் நான்தான். எனக்குத் தெரியும், என் கைக்குத் தெரியவில்லை. நின்றுபோன எஸ்கலேட்டரில் காலை வைக்கும்போது உடல் முன்னே சாய்ந்து ஒரு கணம் தடுமாறுவதும் இதே கதை. அது ஓடவில்லை என்று கண் பார்த்துவிட்டது, அறிவும் ஏற்றுக்கொண்டது. இருந்தும் கால், ஓடும் படிக்கட்டுக்கான கணக்கோடுதான் இறங்குகிறது.

அடுத்து என்ன வரும் என்று மூளை ஓயாமல் கணித்துக்கொண்டே இருக்கிறது என்பது இதன் பொருள். கணித்தபடி நடந்தால் அது அலட்டிக்கொள்வதில்லை. கணிப்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளி முன்கணிப்புப் பிழை. மூளை கற்பது பெரும்பாலும் இந்தப் பிழையிலிருந்துதான்.

நரம்பியலாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆய்வு இதைக் கண்முன் நிறுத்துகிறது. டோபமைன் என்பது மூளையின் நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று. எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தபோது, குரங்கின் டோபமைன் நரம்புகள் துடித்தன. பிறகு, சாறு வருவதற்குச் சற்று முன் ஓர் அடையாளம் காட்டிப் பழக்கினார்கள். இப்போது அடையாளத்தைக் கண்டதும் நரம்புகள் துடித்தன. சாறு வந்தபோது அவை சும்மா இருந்தன. எதிர்பார்த்ததுதானே! அடையாளம் காட்டிவிட்டுச் சாற்றைத் தராமல் ஏமாற்றியபோது, வழக்கமான துடிப்பும்கூடத் தாழ்ந்துபோனது. டோபமைனை ‘இன்பச் சுரப்பு’ என்று எழுதுபவர்கள் இந்த நடுப்பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாறு இனித்துக்கொண்டேதான் இருந்தது. புதிய செய்தி எதுவும் அதில் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

மாற்றத்தைப் பற்றிய நம் அனுபவம் பலவற்றுக்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. உலகின் மறுமுனையில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவது முதல் நாள் மாயம். ஒரு மாதத்தில் அது சாதாரணம். பிறகு படம் இரண்டு நொடி உறைந்து நின்றால் எரிச்சல். நன்றியில்லாத பிறவி என்று மனிதனைத் திட்டுவதில் பயனில்லை. குரங்கின் நரம்பு செய்த கணக்கையே அவனும் செய்கிறான். மாற்றத்துக்கு இவ்வளவு எளிதில் பழக வைக்கும் அதே ஏற்பாடுதான், பழகியதும் அதைக் கண்ணில் படாமல் செய்துவிடுகிறது.

இந்தக் கடிகாரம் வெறும் சலிப்போடு நிற்பதில்லை, மூளையையே மாற்றி அமைக்கிறது. எழுத்து தோன்றி 5,000 ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகிறது. அதிலும் மிகப் பெரும்பான்மையினர் எழுதப் படிக்கத் தெரியாமலே வாழ்ந்து மறைந்தார்கள். ஆகவே ‘படிப்பதற்கான மரபணு’ என்று ஒன்று உருவாக நேரமே இருந்ததில்லை. இருந்தும் படிக்கக் கற்ற ஒவ்வொருவரின் மூளையிலும், பெரும்பாலும் இடப்பக்கத்தில், ஏறத்தாழ ஒரே இடம் எழுத்துகளை அடையாளம் காணும் வேலையைச் செய்கிறது. பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணும் பகுதிகளுக்கு நடுவே இருந்த இடத்தை எழுத்து தனக்கென்று எடுத்துக்கொண்டது. குழந்தைகளால் மட்டுமே இது முடியும் என்பதும் இல்லை. லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் உரிமம் பெற நகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். இடங்களை நினைவில் வைப்பதோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பாதி அவர்களுக்குப் பெரிதாக இருந்ததை 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. வளர்ந்தவர்கள் அந்தப் பாடத்தைப் படித்துத் தேறும்போதே அந்த வளர்ச்சி நடப்பதைப் பின்னால் வந்த ஆய்வும் உறுதி செய்தது.

இதன்படி, “கைப்பேசி மூளையை மாற்றிவிட்டது” என்பது உண்மை. அதே அளவுக்கு வெற்று உண்மையும்கூட. சைக்கிள் ஓட்டக் கற்றதும் மூளையை மாற்றியது. கேட்க வேண்டியது எதை, எவ்வளவு, திரும்பப் பெற முடியுமா என்பதைத்தான். (மனிதனின் கவனம் இப்போது பொன்மீனை விடக் குறைந்து எட்டு நொடிக்கு வந்துவிட்டது என்று ஒரு புள்ளிவிவரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் உருப்படியான ஆய்வு எதுவும் இல்லை. பொன்மீனை யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.)

அப்படியானால் மனித இயல்பு என்பது என்ன? அச்சடித்த விண்ணப்பப் படிவம் ஒன்றோடு ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன். கட்டங்கள் அச்சிலேயே இருக்கின்றன: என் மொழி எது, யாரை நம்பலாம், என் கூட்டத்தில் எதற்கு மதிப்பு, எது அவமானம். கட்டங்களை நாம் போட்டதில்லை, அழிக்கவும் முடியாது. மொழிக்கான கட்டம் இல்லாமல் ஒரு குழந்தை பிறப்பது மிக அரிது. அந்தக் கட்டத்தில் ஒரு குறிப்பிட்ட மொழி எழுதப்பட்டுப் பிறக்கும் குழந்தையோ கிடையவே கிடையாது. மாறாதது கட்டம், மாறுவது அதில் எழுதப்படுவது.

## நடுவில் நிற்கும் கடிகாரம்

மரபணு மெதுவானது, கற்றல் வேகமானது. இந்த இரண்டோடு நிறுத்திக்கொண்டால் ஒரு புதிர் எஞ்சும். தனிமனிதன் இவ்வளவு வேகமாகக் கற்கிறான் என்றால், மாற்றம் ஏன் இவ்வளவு வலிக்கிறது?

அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் ஆக்பர்ன் 1922-இல் இதற்கு ஒரு பெயர் தந்தார்: பண்பாட்டுப் பின்தங்கல். கருவிகள் முதலில் வந்துவிடும். அவற்றோடு வாழ்வதற்கான சட்டம், மரியாதை, வழக்கம், பொறுப்பு எல்லாம் பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். இடைப்பட்ட காலம்தான் பின்தங்கல். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று ஆலை விபத்துகள். கைத்தொழில் காலத்துச் சட்டப்படி, காயம்பட்ட தொழிலாளி முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டும். பெரிய எந்திரங்கள் வந்த பிறகு விபத்து என்பது யாருடைய தனித் தவறும் இல்லாமலே நடந்தது. அமெரிக்காவில் இழப்பீட்டுச் சட்டங்கள் பரவலாக வந்தது 1910-களில்தான். அதுவரை பல பத்தாண்டுகள், கை கால் இழந்தவர்கள் பழைய சட்டத்துக்கும் புதிய எந்திரத்துக்கும் நடுவே கிடந்தார்கள்.

சாலையையே எடுத்துக்கொள்ளலாம். 1865-இல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. சாலையில் ஓடும் நீராவி வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைலைத் தாண்டக் கூடாது. வண்டிக்கு 60 கஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நடந்து போக வேண்டும். 1868-இல் லண்டனில் எரிவாயுவால் எரியும் போக்குவரத்து விளக்கு ஒன்றை நட்டார்கள். சில வாரங்களில் அது வெடித்து, இயக்கிய காவலரைக் காயப்படுத்தியது. கார்ல் பென்ஸ் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரியது 1886-இல். மோட்டார் வண்டிக்கு முன்னால் ஆள் நடக்கும் விதி பிரிட்டனில் ஒழிந்தது 1896-இல். மூன்று முனையில் பூட்டும் சீட் பெல்ட்டை வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தது 1959-இல். அதை அணிந்தே ஆக வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் முதன்முதலில் சட்டம் போட்டது 1970-இல். காருக்கும் கட்டாய சீட் பெல்ட்டுக்கும் நடுவில் 84 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் எந்த ஓட்டுநருக்கும் கற்கும் திறன் குறைவாக இருக்கவில்லை.

இந்தக் கடிகாரம் தாமதமாவது ஏன்? மரபணுவுக்குத் தலைமுறை வேண்டும், மூளைக்குப் பயிற்சி வேண்டும், பண்பாட்டுக்கோ மற்றவர்கள் வேண்டும். சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதை ஒருவர் சில நாட்களில் மாற்றிக் கற்றுவிடலாம். ஆனால் அவர் மட்டும் கற்றுக்கொண்டு சாலையில் இறங்கினால் அன்றே கதை முடிந்துவிடும். எல்லோரும் சேர்ந்து மாறினால்தான் மாற்றம். அதுவரை, பழைய வழக்கம் தவறென்று அறிந்தவர்களும் அதையே பின்பற்றுவார்கள். பின்பற்றுவதுதான் புத்திசாலித்தனமும்.

## ஒரு ஞாயிறு, விடியற்காலை 4.50

ஸ்வீடன் இதைச் செய்து காட்டியிருக்கிறது. அண்டை நாடுகள் வலப்பக்கம் ஓட்டிக்கொண்டிருக்க, ஸ்வீடன் மட்டும் இடப்பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தது. அதிலும் அங்கிருந்த கார்களில் பெரும்பாலானவை வலப்பக்கச் சாலைக்கு ஏற்றவை, அதாவது ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ளவை. மாற்றலாமா என்று 1955-இல் பொது வாக்கெடுப்பு நடத்தியபோது, வாக்களித்தவர்களில் சுமார் 83 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். 1963-இல் நாடாளுமன்றம் மாற்றியே தீருவது என்று முடிவெடுத்தது. நான்கு ஆண்டுகள் ஆயத்தம். சாலைக் குறிகள், சந்திப்புகள், பஸ்களின் கதவுகள் எல்லாவற்றையும் மறுபக்கத்துக்குத் திருப்ப வேண்டியிருந்தது.

1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை 4.50-க்குச் சாலையில் இருந்த வண்டிகள் அனைத்தும் நின்றன. மெல்ல இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்ந்து, மறுபடியும் நின்றன. சரியாக 5 மணிக்குப் புறப்பட்டன. பத்து நிமிடம். ஒரு நாடு முழுவதும் அதுவரை கையும் காலும் கண்ணும் பழகியிருந்த ஒன்றைத் திருப்பிப் போட்டாகிவிட்டது.

பேரழிவு நடந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். விபத்துகள் கூடவில்லை, குறைந்தன. சில காலம் கழித்து மெல்ல ஏறிப் பழைய அளவுக்கே வந்து சேர்ந்தன. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதி இதுதான். புதிய பக்கத்தில் ஓட்டிய முதல் மாதங்களில் ஒவ்வொரு திருப்பமும் மூளைக்கு ஒரு கேள்வியாக இருந்தது. கேள்வி இருந்ததால் கவனம் இருந்தது. பழகிவிட்ட பிறகு கேள்வி போனது, கவனமும் அதன் பின்னாலேயே போனது. பழக்கமாதல் என்று மேலே பார்த்தோமே, அது ஒரு நாட்டின் விபத்துக் கணக்கிலேயே தெரிந்துவிட்டது.

மூன்று கடிகாரங்களையும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மரபணுவில் துளியும் மாற்றம் இல்லை. தனித்தனி ஓட்டுநர்கள் சில வாரங்களில் கற்றுவிட்டார்கள். சேர்ந்து மாறுவதற்கான ஏற்பாட்டுக்குத்தான், வாக்கெடுப்பிலிருந்து கணக்கிட்டால், 12 ஆண்டுகள் பிடித்தன. மாற்றத்தின் வேகம் தாங்க முடியவில்லை என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் நோவது இந்த மூன்றாவது இடம் என்பது என் கட்சி. மூளையைக் குற்றம் சொல்வது எளிது, அது திருப்பிப் பேசாது.

## “இந்த அளவுக்கு எப்போதும் இருந்ததில்லை”

ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து வேகத்தைத்தான் உச்சம் என்று நம்பியிருக்கிறது. எழுத்து வந்தால் நினைவாற்றல் மழுங்கிவிடும் என்று சாக்ரட்டீஸ் வருந்தினார். அவருடைய மாணவர் பிளேட்டோ அதை எழுதி வைத்ததால்தான் நமக்கு அது தெரியும். ரயில் வருமுன் பிரிட்டனில் ஊருக்கு ஊர் கடிகாரம் வேறாக இருந்தது. சூரியன் உச்சிக்கு வரும் நேரமே அந்தந்த ஊரின் நண்பகல். 1840-இல் தொடங்கி ரயில் நிறுவனங்கள் லண்டன் நேரத்தைப் பின்பற்றத் தொடங்கின. நாடு முழுமைக்கும் அது சட்டப்படியான நேரமானது 1880-இல். 40 ஆண்டுகள் ரயில் நேரமும் ஊர் நேரமும் தகராறு செய்துகொண்டிருந்தன. சூரியனையே தள்ளி வைத்த மாற்றத்தோடு ஒப்பிட்டால், புதிய செயலி ஒன்று வந்ததைப் புரட்சி என்று சொல்லச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இருந்தாலும் ஒரு வித்தியாசத்தை மறுக்க முடியாது. முன்பு ஒரு மாற்றத்துக்கான ஒழுங்குகள் உருவாகி நிலைத்த பிறகு அடுத்தது வந்து சேரும் வாய்ப்பு இருந்தது. தொலைபேசி வந்த 1876-க்குப் பிறகு, அதை எடுத்ததும் முதலில் என்ன சொல்வது என்றே ஒரு விவாதம் நடந்தது. ‘அஹோய்’ என்றார் கிரஹாம் பெல், ‘ஹலோ’ என்றார் எடிசன். அந்த ஒரு சொல் நிலைபெற அவகாசம் இருந்தது. இப்போது ஒன்றுக்கான மரியாதை முளைவிடும் முன்பே கருவி மாறிவிடுகிறது.

## நள்ளிரவில் வரும் செய்தி

இரவு 11.20. தலைமாட்டில் கைப்பேசி ஒளிர்கிறது. கூட வேலை செய்பவர் ஏதோ கேட்டிருக்கிறார். அவசரம் என்று சொல்லவில்லை, அவசரம் இல்லை என்றும் சொல்லவில்லை. படித்துவிட்டதை இரண்டு நீலக்குறிகள் அவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டன.

எனக்குள் நடப்பதைப் பிரித்துப் பார்க்கிறேன். என் கூட்டத்தார் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் முதல் கடிகாரத்தின் சொத்து. கூட்டத்தைவிட்டு விலக்கப்பட்டவன் பிழைக்க முடியாத காலத்திலிருந்து வருவது. அதை நான் இந்த வாழ்நாளில் களைய முடியாது. ஒளி தெரிந்த கணமே கை நீண்டது இரண்டாவது கடிகாரத்தின் வேலை. எந்த ஒளிக்குப் பின்னால் நல்ல செய்தி இருக்கும் என்று கணிக்க முடியாததால், ஒவ்வொரு ஒளியும் சாறு வரும் அடையாளமாகிவிட்டது. பயிற்சியால் வந்தது, பயிற்சியால் தேயக்கூடியது. மூன்றாவதுதான் சிக்கல்: இரவு 11.20-க்கு வந்த செய்திக்குப் பதில் சொல்லாமல் தூங்கினால் அது அவமதிப்பா, இல்லையா? கதவைத் தட்டும் நேரத்துக்கு ஒரு மரியாதை உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். இதற்கு அப்படி ஒன்று இன்னும் உருவாகவில்லை. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருவரும் தனித்தனியே விழித்திருக்கிறோம்.

என்னோடு வேலை செய்யும் ஆறு பேரும் ஒரு மாலை உட்கார்ந்து இதைப் பேசினோம். இரவு 9 மணிக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், காலை வரை யாரும் பதிலை எதிர்பார்க்கக் கூடாது, உண்மையிலேயே அவசரம் என்றால் அழைக்க வேண்டும். பேசி முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கூச்சம் அன்றைக்கே பாதி போய்விட்டது. கைதான், குப்பைக் கூடை விஷயத்தில் செய்ததைப் போலவே, அடுத்த மூன்று வாரங்களுக்கு இருட்டில் தலைமாட்டைத் துழாவிக்கொண்டிருந்தது.